பழைய லெகோ விண்கலம் வாங்குகிறவர்களுக்கு ஒரு கியூ.சி.காரியின் குறிப்புகள்

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருஷமாக எனக்குக் கியூ.சி., அதாவது தரம் பார்க்கிற வேலை. ஏற்றுமதிக்குப் போகிற ஷூவைக் கையில் எடுத்து வளைத்துப் பார்ப்பேன், தையலை எண்ணுவேன், இடது காலும் வலது காலும் ஒரே நிறம்தானா என்று ஒட்டி வைத்துப் பார்ப்பேன், பாஸ் இல்லையென்றால் ரிஜெக்ட். அப்படிப்பட்டவள்தான் போன மே மாதம் ஒரு பழைய பொம்மை விண்கலத்தை வாங்கும்போது நிறத்தில் கோட்டை விட்டேன். கம்பெனியில் தெரிந்தால் சிரிப்பார்கள். நீங்களாவது கோட்டை விடாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும், வாங்கி வந்த பிறகு என்ன செய்தால் மனசு நிறையும் என்று எழுதி வைக்கிறேன்.

நான் வாங்கியது, ஒன்றோடொன்று மாட்டுகிற பிளாஸ்டிக் கட்டைப் பொம்மையான லெகோவின் கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர், செட் எண் 10497. லெகோ கம்பெனிக்கு 90 வயசு ஆனதற்காக 2022 ஆகஸ்டில் விட்டார்கள். மொத்தம் 1,254 துண்டு. நீல உடம்பு, சாம்பல் நிற இறக்கை, மஞ்சள் கண்ணாடி, சிவப்பு உடையில் இரண்டு பேர், வெள்ளை உடையில் இரண்டு பேர், கூட ஒரு ரோபோ. 1979இல் இதே பெயரில் வந்த கலத்துக்கு 338 துண்டுதான். அதை உருவாக்கிய யென்ஸ் நீகார்ட் குனுட்சென்தான் 1978இல் வந்த சின்ன மனித பொம்மையையும் உருவாக்கியவர். என் சித்தப்பா சவூதியிலிருந்து வந்தபோது அந்தப் பழைய விண்வெளி வரிசையில் ஒரு குட்டி வண்டி கொண்டு வந்தார். அதிலிருந்த சிவப்பு ஆள் எனக்கு ஒன்பதாவது படிக்கும் வரை பென்சில் டப்பாவில் இருந்தான். ஒரு நாள் பாலாற்று மணலில் விழுந்தான், அத்தோடு போனான். இந்தக் கலத்தின் படத்தைப் பார்த்ததும் ஏன் கை பரபரத்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

இது இப்போது ரிட்டயர் ஆன செட். அப்படி என்றால் லெகோ கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலான செட்டுகள் இரண்டு மூன்று வருஷம்தான் கடையில் இருக்கும். அதற்கப்புறம் யாரிடமாவது இருப்பதைத்தான் வாங்க வேண்டும். நம் ஊர் அரசாங்க உத்தியோகத்துக்கு நேர் எதிர். ரிட்டயர் ஆன பிறகுதான் சம்பளம் ஏறும். பெட்டி பிரிக்காத செட்டுக்கு யானை விலை சொல்வார்கள். என் தம்பி அந்த ரகம், "பிரிக்காம வைக்கா, அஞ்சு வருஷத்துல டபுள்" என்பான். சீட்டுப் பணம் போடவா பொம்மை வாங்குகிறேன்? பிரித்து விளையாடப் போகிறவர்கள் பிரித்த செட்டை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். விலை இறங்கிக் கிடப்பது அங்கேதான்.

இன்னொரு காரணமும் உண்டு. லெகோ நம் நாட்டில் தயாராவதில்லை. இத்தனைக்கும் எங்கள் ராணிப்பேட்டையிலேயே ஃபன்ஸ்கூல் பொம்மைத் தொழிற்சாலை இருக்கிறது, ஆனால் அது வேறு சரக்கு. வெளிநாட்டுப் பொம்மைக்கு இறக்குமதி வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். அமெரிக்காவில் 99.99 டாலருக்கு விற்ற பெட்டி இங்கே வந்து சேரும்போது என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நாட்டுக்குள் வந்துவிட்ட செட்டைத் தேடுவதுதான் வழி.

எங்கே, எப்போது

வேலூர்க்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், ஊரைச் சுற்றி ஆள் வருவதும் போவதுமாக இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடியும் வரை வி.ஐ.டி. பக்கம் ஹாஸ்டலையும் வாடகை ரூமையும் பையன்கள் காலி செய்வார்கள். சைக்கிள், கூலர், மெத்தையோடு இந்த மாதிரி சாமானும் வெளியே வரும். ரயிலில் தூக்கிக்கொண்டு போக முடியாது என்கிற அவசரம்தான் விலையை இறக்கும். சி.எம்.சி. டாக்டர்கள் வேலை மாறிப் போகும்போதும், வெளிநாட்டில் இருந்து திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் வளர்ந்துவிட்டபோதும் கிடைக்கும். தோட்டப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒருத்தர் அப்படித்தான் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வாங்கினார். ஓ.எல்.எக்ஸ். மாதிரி இடங்களில் தேடும்போது லெகோ என்று மட்டும் தேடாதீர்கள். விற்கிறவர்களில் பாதிப் பேர் பில்டிங் பிளாக்ஸ் என்றுதான் போடுவார்கள். ஊர் தாண்டி இருக்கிறவர் முன்பணம் கேட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். நேரில் பார்க்க முடிகிற தூரத்தில் மட்டும் வாங்குவது என்று எனக்கு ஒரு சட்டம்: அரக்கோணம் தாண்டினால் வேண்டாம்.

போவதற்கு முன்னால் மூன்று படம் கேளுங்கள். கலத்தின் அடிப்பக்கம் ஒன்று. மஞ்சள் கண்ணாடி மட்டும் கிட்டத்தில் ஒன்று. ஆட்கள் நாலு பேரும் வரிசையாக நிற்க, பக்கத்தில் ஒரு தாளில் இன்றைய தேதி எழுதி வைத்து ஒன்று. மூன்றாவதை எடுக்கச் சோம்பல்படுகிறவரிடம் அந்தச் செட் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

டீக்கடை பெஞ்சில் நடந்தது

எனக்கு விற்றது தூத்துக்குடிப் பையன், கடைசி வருஷம் முடித்தவன். வேலை முடிந்து நான் காட்பாடி வந்து சேர ராத்திரி ஏழு. காலேஜுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் ஒரு பிக் ஷாப்பர் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உடம்புப் பகுதி கட்டியபடி இருந்தது, இறக்கை இரண்டையும் பிரித்து ஜிப் கவரில் போட்டிருந்தான்.

"எல்லாம் இருக்குக்கா. மிஞ்சிப் போனா ஒண்ணு ரெண்டு இருக்காது."

விற்கிறவர் ஒண்ணு ரெண்டு என்றால் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கே தெரியாது. எனக்குக் காணாமல் போயிருந்தது இருபத்து மூன்று.

முதலில் நிஜச் சரக்கா என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டையின் மேல் குமிழிலும் லெகோ என்று குட்டியாக எழுத்து எழும்பி இருக்கும். குமிழ் இல்லாத வழவழப் பட்டைகளுக்கு அடிப்பக்கம் பார்க்க வேண்டும். ஆட்களுக்குத் தொப்பியைக் கழற்றினால் உச்சந்தலைக் குமிழில் இருக்கும். ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு நிம்மதி ஆகாதீர்கள். காணாமல் போனதற்குப் பதிலாகச் சீனப் போலியைக் கலந்து வைப்பவர்கள் உண்டு. நான் கம்பெனியில் செய்வதைத்தான் இங்கேயும் செய்வேன், கை விட்டுக் கலக்கி ஐந்து இடத்தில் இருந்து பத்துப் பத்தாக எடுத்துப் பார்ப்பது. இரண்டு கட்டையை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். நிஜம் என்றால் ஒரே அளவான பிடி. போலியில் ஒன்று ஈயாப்பிசினாக ஒட்டும், அடுத்தது தானாக விழும்.

அடுத்தது மஞ்சள் கண்ணாடி. இந்தக் கலத்துக்கு அழகே அதுதான், திரும்ப வாங்குவதும் அதுதான் கஷ்டம். செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்தால் கீறலும் விரிசலும் கோடு கோடாகத் தெரியும். மெல்லிய கீறல் பாஸ். முனையிலிருந்து கிளம்புகிற விரிசல் ரிஜெக்ட், அது நாளைக்கு வளரும்.

பிறகு மெல்லிய தகடுகளின் ஓரம். கழற்ற முடியாத தகட்டைப் பல்லால் கடித்து இழுப்பது உலகம் பூராவும் உள்ள பழக்கம் போலிருக்கிறது. விரலை ஓட்டினால் பல் தடம் தட்டும். என் செட்டில் ஏழு தகட்டில் தூத்துக்குடிப் பல். நான் சிரித்ததைப் பார்த்து அவன், "அது நான் இல்லக்கா, ரூம் மேட்" என்றான். இதில் அச்சடித்த துண்டுகள்தான், ஸ்டிக்கர் கிடையாது. அதனால் ஓரம் உரிந்த கவலை இல்லை. எல்எல் 928 என்று எழுதிய துண்டும், ஆட்களின் மார்பில் இருக்கிற தங்க நிறக் கிரகமும் தேயாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இப்போது நான் கோட்டை விட்ட இடம். தோல் தொழிலில் நிறம் பார்ப்பதற்கென்றே விளக்குப் பெட்டி உண்டு. ஏனென்றால் டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு தோல் வெயிலில் அண்ணன் தம்பியாகக்கூடத் தெரியாது. புதுசாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடமே இதுதான். அதை நானே மறந்து, ஏழு மணிக்கு, கண் சிமிட்டுகிற டியூப் லைட் அடியில் சாம்பல் நிறத்தைப் பார்த்து பாஸ் போட்டேன். மறுநாள் காலை மொட்டை மாடியில் பார்த்தால் இடது இறக்கையில் சாம்பல் துண்டுகள் முப்பத்தொன்று பழுத்த இலை மாதிரி இருந்தன. ஹாஸ்டல் ஜன்னல் ஓரத்தில் மேற்கு வெயிலில் வருஷக்கணக்காக நின்றிருக்கிறது.

ஆகவே பகலில் போங்கள். பகலில் முடியாது என்றால் ஒரு தந்திரம் இருக்கிறது. கட்டி இருக்கிற பகுதியில் ஒரே ஒரு தகட்டைக் கழற்றி, அது மூடியிருந்த இடத்தையும் அதைச் சுற்றியிருக்கிற இடத்தையும் பாருங்கள். வாட்ச் கழற்றிய மணிக்கட்டு மாதிரி வித்தியாசம் தெரிந்தால் வெயில் பட்ட சரக்கு. எந்த விளக்கிலும் இது தப்பாது. கட்டியபடி இருக்கிற செட்டைப் பார்ப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவன் கேட்டது ஒன்பதாயிரத்து ஐந்நூறு. பெட்டி இல்லை, புத்தகம் இருந்தது. பல் தடத்தையும் ஒரு வெள்ளை ஆளுக்குத் தொப்பி இல்லாததையும் காட்டி ஆறாயிரத்து எண்ணூறுக்கு முடித்தேன். பெட்டி இல்லை என்றால் தயங்காமல் விலையைக் குறையுங்கள். புத்தகம் இல்லாவிட்டால் கவலையே வேண்டாம். 1996க்குப் பிறகு வந்த செட்டுகளின் கட்டும் முறையை லெகோவின் சொந்தத் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

1979இன் அசல் கலமே வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதையே முதல் செட்டாக வாங்காதீர்கள். அந்தக் காலத்துத் தொப்பியில் தாடைப் பட்டை மெல்லிசு, நடுவில் உடைந்திருக்கும். மார்புக் கிரகம் தேய்ந்து வெறும் சிவப்பாக நிற்கும். அடியில் வைக்கிற நிலவுத் தரை தனியாக விலை போகும். கை பழகிய பிறகு போகலாம்.

குளியல்

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அம்மா பையை எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது? கொயந்த வெளாட்ற சாமானுக்கு ஆறாயிரத்தி எட்நூறா?" பதில் சொல்லாமல் பக்கெட் எடுத்தேன்.

பழைய செட்டைக் கழுவாமல் கட்டக் கூடாது. வருஷக்கணக்கான ஹாஸ்டல் கைப்பிடி அது, சமோசா எண்ணெய் உள்பட. முழுக்கப் பிரித்துவிடுங்கள். பிரிப்பதற்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு கழற்றி வரும், பல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். காய்கறி வாங்குகிற வலைப் பையில் துண்டுகளைப் போட்டு, பாத்திரம் தேய்க்கிற லிக்விட் நாலு சொட்டு விட்ட தண்ணீரில் அரை மணி ஊற வைத்து, பையோடு அலசினால் போதும். வாஷிங் மெஷின் வேண்டாம். தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று லெகோ கம்பெனியே சொல்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு இது வெந்நீர் பற்றிய எச்சரிக்கை. எங்களுக்கு மே மாதத்துப் பச்சைத் தண்ணீர் பற்றிய எச்சரிக்கை. மத்தியானம் இரண்டு மணிக்கு மாடி டேங்க்கில் இருந்து வருகிற தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், டீ போடலாம். காலை ஆறு மணித் தண்ணீர்தான் சரி.

இன்னொன்று, எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. குழாயில் இருக்கிற வெள்ளைப் படிவம் மஞ்சள் கண்ணாடியிலும் புள்ளி புள்ளியாக உட்காரும். கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் அரைக் குடம் ஒதுக்குங்கள். கண்ணாடித் துண்டுகளை மட்டும் பழைய மல் வேட்டியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மற்றதைப் பழைய புடவையில் பரப்பி ஃபேன் அடியில் ஒரு நாள் முழுக்க விட வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று மாடியில் போட்டுவிடாதீர்கள். ஹேர் டிரையரும் வேண்டாம்.

எண்ணிக்கை

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் குடியாத்தத்தில் பீடி சுற்றியவள். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. ஐம்பது வருஷம் ஆகியும் விரல் மறக்கவில்லை. நானும் என் பையனும் முறத்தில் கொட்டி ஒவ்வொன்றாக நோண்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பொறுக்கவில்லை. "தள்ளு" என்று உட்கார்ந்தாள். கட்டை விரலால் ஐந்தைந்தாக ஒதுக்கி, ஐந்து ஒதுக்கலைச் சேர்த்து ஒரு கிண்ணம். சின்னத் துண்டுகளைத் தனி வேகத்தில் தள்ளினாள். "அது இன்னா, மனுசனையும் பிரிக்கணுமா?" என்று மட்டும் நடுவில் கேட்டாள். பிரிக்க வேண்டும். தலை ஒன்று, கையோடு சேர்ந்த மார்பு ஒன்று, கால் ஜோடி ஒன்று, தொப்பி ஒன்று, முதுகு சிலிண்டர் ஒன்று என்றுதான் கணக்கு.

முக்கால் மணியில் சொன்னாள்: "நாப்பத்தொம்பது கட்டு, பதினெட்டு உதிரி."

1,243. செட்டுக்கு 1,254. பதினொன்றுதானே குறைகிறது என்று சந்தோஷப்பட்டால் அது தப்பு. லெகோ பெட்டியில் மிகச் சின்னத் துண்டுகளுக்கு உபரி ஒன்று போட்டிருப்பார்கள். எங்களிடம் அப்படிப் பன்னிரண்டு. உபரியைக் கழித்தால் இருப்பது 1,231, காணாதது இருபத்து மூன்று. மொத்த எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு துண்டின் படமும், எத்தனை வேண்டும் என்பதும், அதன் எண்ணும் இருக்கும். அந்தப் பட்டியலோடு ஒவ்வொன்றாக டிக் போடுவதுதான் நிஜமான சோதனை.

பிரித்து வைக்கும்போது நிறம் பார்த்துப் பிரிக்காதீர்கள், வடிவம் பார்த்துப் பிரியுங்கள். சாம்பல் குவியலில் சாம்பல் துண்டைத் தேடினால் கண் பூத்துப் போகும். ஒற்றைத் தகடு ஒரு தட்டு, சரிவுக் கட்டை ஒரு தட்டு, கீல் ஒரு தட்டு என்று எவர்சில்வர் தட்டுகளில் வைத்தால் எடுக்கும்போது கை தானாகப் போகும். டிபன் தட்டு மொத்தமும் இரண்டு நாளைக்குக் கலத்துக்குப் போய்விட்டது, நாங்கள் இலையில் சாப்பிட்டோம்.

காணாததும் பழுத்ததும்

இருபத்து மூன்றில் பதினான்கு உடம்புக்குள் மறைகிற துண்டுகள். அவற்றுக்கு நிறம் எதற்கு? பையனின் பழைய டப்பாவில் இருந்து பச்சையும் ஆரஞ்சும் போட்டேன். 1958இல் இன்றைய வடிவத்துக்குக் காப்புரிமை கேட்ட நாளிலிருந்து குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர் என்பது மாறவில்லை. எந்த வருஷத்துக் கட்டையும் எந்த வருஷத்துக் கட்டையோடும் பிடிக்கும். ஒன்று மட்டும் கவனம்: நீளத் தகட்டுக்குப் பதிலாக இரண்டு குட்டைத் தகடு போட்டால் நிறம் மறைந்தாலும் பலம் போகும். இறக்கையைத் தாங்குகிற இடத்தில் அந்த வேலை வேண்டாம்.

மீதி ஒன்பதை வாங்கத்தான் வேண்டும். உதிரி விற்பதற்கென்றே பிரிக்லிங்க் என்று ஒரு சந்தை 2000த்திலிருந்து இணையத்தில் இருக்கிறது, 2019இல் லெகோ கம்பெனியே அதை வாங்கிவிட்டது. துண்டின் எண்ணைப் போட்டால் யாரிடம் எத்தனை இருக்கிறது என்று வரும். நம் நாட்டிலேயே இருக்கிறவரைப் பிடியுங்கள். வெளிநாடு என்றால் ஒரு துண்டு பத்து ரூபாய், தபால் ஆயிரம், கஸ்டம்ஸ் தனி. எனக்குக் கூரியரோடு எழுநூற்று நாற்பது ஆனது. அதில் இரண்டு துண்டு தப்பாக வந்தது, காரணத்தையும் சொல்கிறேன், உங்களுக்கும் நடக்கும். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பலை மாற்றியது. அதற்கு முந்தைய சாம்பல் கொஞ்சம் மஞ்சள் கலந்தது, புதுசு நீலம் கலந்தது. பட்டியலில் இரண்டும் வேறு வேறு பெயர். நம் கலத்துக்கு வேண்டியது நீலம் கலந்தது. விற்றவர் பழையதை அனுப்பி, "சாம்பல்தானே மேடம்" என்றார். ஷூவில் இப்படி ஒரு ஜோடி போனால் கண்டெய்னரே திரும்பி வரும். சண்டை போட்டு மாற்றி வாங்கினேன்.

பழுத்த முப்பத்தொன்றில் பதினொன்றை அடிப்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் தள்ளினேன். இருபதை வெளுக்க வைத்தேன். மெடிக்கல் ஷாப்பில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு 6 சதவீதம் கேட்டால் தருவார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் துண்டுகள் முழுகுகிற அளவு ஊற்றி, மேலே தட்டு ஒன்றைச் சும்மா சாய்த்து வையுங்கள். இறுக மூடினால் வாயு சேர்ந்து தெறிக்கும். கையுறை போடுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் வைத்து, காலை எட்டிலிருந்து பதினொன்று வரை வெயிலில் வைத்தேன், தட்டுத் தண்ணீரை இரண்டு தடவை மாற்றினேன். குமிழி ஒட்டித் துண்டுகள் மிதக்கும். அரை மணிக்கு ஒரு தடவை குச்சியால் அமுக்காவிட்டால் திட்டுத் திட்டாகத்தான் வெளுக்கும். மூன்று காலையில் சரியானது. கெடுத்ததும் வெயில், திருத்தியதும் வெயில். வேலூரில் அதற்கா பஞ்சம். அச்சடித்த துண்டையும் கண்ணாடித் துண்டையும் மட்டும் இந்தக் குளியலில் இறக்காதீர்கள். வெளுத்தது மறுபடி பழுக்கலாம், அதனால் ஜன்னலில் இருந்து தள்ளியே வையுங்கள்.

கட்டுவது, ஓட்டுவது

அவசரப்பட்டு ஒரே ராத்திரியில் கட்டாதீர்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு முடிந்து, கரண்ட் இருக்கிறதா பார்த்து, ஃபேன் அடியில் பாய் விரித்து உட்காருவோம். பையன் புத்தகம் படித்து என்ன துண்டு என்று சொல்வான், நான் எடுத்துக் கொடுப்பேன், அவன் மாட்டுவான். அடுத்த ஞாயிறு வேலை மாறும். மூன்று ஞாயிறு வந்தது. தகடு சரியாக உட்கார்ந்தால் டக் என்று ஒரு சத்தம் வரும். அது வராவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள், ஒரு நூல் இடைவெளி பத்துப் படி தள்ளி இறக்கையைத் தூக்கிவிடும்.

கட்டி முடித்ததும் ஷோகேஸில் ஏற்றுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. இது அரை மீட்டர் நீளக் கலம், ஒரு கையில் அடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஹாலில் இருந்து சமையலறை வரை ஓடத்தான் அதை இவ்வளவு கெட்டியாக வடிவமைத்திருக்கிறார்கள். கலத்தின் கால்களை மடக்கி, வாயால் சத்தம் போட்டு, அடுப்பு மேடையில் இறக்க வேண்டும். நாற்பத்து நாலு வயசில் செய்து பாருங்கள், யாரும் இல்லாத நேரமாக. அதே கட்டைகளை வைத்து 1979 காலத்து இரண்டு சின்னக் கலங்களும் கட்டலாம். பெரியதைப் பிரித்து ஒன்றையாவது கட்டிப் பாருங்கள். பிரிக்க மனசு வராதுதான்.

நாங்கள் இன்னொன்றும் செய்தோம். காவலூர் வானாய்வகத்துக்குச் சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுவார்கள். ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினோம், சிவப்பு ஆள் ஒருவன் பையன் சட்டைப் பாக்கெட்டில். அங்கே 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கி 1986இலிருந்து இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் அதற்கு. 1988இல் அந்த மலையில் இருந்துதான் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். அப்போது அது எங்கள் வட ஆற்காடு. 1989இல் ஒரு தடவை, 2019இல் ஒரு தடவை மாவட்டத்தைப் பிரித்து இப்போது திருப்பத்தூர்க் கணக்கில் இருக்கிறது. தொலைநோக்கிக் கூண்டு பின்னால் தெரிய, கைப்பிடிச் சுவரில் சிவப்பு ஆளை நிற்க வைத்துப் படம் எடுத்தான். காற்று அடித்தது. பாலாற்று மணல் ஞாபகம் வந்து நான் சட்டென்று ஆளைப் பிடித்துக்கொண்டேன்.

வைக்கிற இடம் பற்றி இரண்டு வரி. ஓட்டு வீடோ ஷீட் வீடோ என்றால் பரண் வேண்டாம், மே மாதத்தில் இறக்கையைத் தாங்குகிற துண்டுகள் வளைந்துவிடும். காரிலும் விட்டுவிடாதீர்கள். திறந்த அலமாரி என்றால் பல்லி எச்சம், வெள்ளை ஆளின் மேல் விழுந்தால் கறை போகாது. தூசிக்குப் பழைய மேக்கப் பிரஷ் நல்லது.

பிப்ரவரியில் பையனுக்குப் பரீட்சை நெருங்கியதால் கலத்தைப் பிரித்து டப்பாவில் போட முடிவு செய்தோம். நான் மூடி போடப் போகும்போது அம்மா டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டாள். முறம் வந்தது, மூக்குக் கண்ணாடி வந்தது. ஐந்தைந்தாகத் தள்ளினாள். பையன் பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணம் எண்ணினான்.

"ஆயா, எவ்ளோ?"

"ஐம்பது கட்டு, பதினாறு உதிரி. உங்கம்மாவ மூடி போடச் சொல்லு."